ஒப்பந்தத்தில் திமிசுக்கட்டைக்கும் ஒரு வரி வேண்டும்

கல் பாவிய பழைய தெருக்களைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும், அந்த வேலைகளுக்கு ஒப்பந்த ஆவணம் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

கல் பாவும் வேலையில் மணல் சலிக்கிற ஆளாகச் சேர்ந்து, பிறகு கல் எடுத்துக் கொடுக்கிறவனாகி, கடைசியில் சுத்தியைக் கையில் வாங்கியவன் நான். இப்போது முழங்கால் ஒத்துழைக்க மறுப்பதால் மேற்பார்வை மட்டும்தான். அண்மையில் ஒரு பழைய தெருவைப் பெயர்த்துத் திரும்பப் பாவுவதற்கான ஆவணம் பார்வைக்கு வந்தது. கல்லின் வகை, அது தாங்க வேண்டிய பளு, எவ்வளவு நீர் உறிஞ்சலாம், மணல் எந்தச் சல்லடையில் எவ்வளவு தங்க வேண்டும், தடுப்புக்குக் கட்டும் நாடாவின் நிறம் வரைக்கும் அதில் இருந்தது. கல்லை எதைக் கொண்டு உட்கார வைப்பது என்று தேடினேன். மூன்றே சொற்கள்: ‘தகுந்த கருவிகளைக் கொண்டு’.

அந்த மூன்று சொற்களைப் பற்றித்தான் இந்த மடல். அவற்றின் இடத்தில், கல்லை வைக்கும் பாவு சுத்தியையும் அதை அடித்து இறக்கும் திமிசுக்கட்டையையும் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்கிறேன்.

நீங்கள் ஏன் அப்படி எழுதுகிறீர்கள் என்பது புரிகிறது. முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது உங்கள் வேலை, எதை வைத்துச் செய்வது என்பது ஒப்பந்தக்காரர் பாடு. தாரில், கான்கிரீட்டில் இது ஓரளவு சரிப்பட்டு வரும். இயற்கைக் கல்லில் வராது. உங்கள் ஆவணமே கல்லின் உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் வரை கூடக் குறைய இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. அனுமதித்தாக வேண்டும், ஏனென்றால் உளியால் பிளந்த கல் அச்சில் வார்த்த கல் அல்ல. அந்த இரண்டு சென்டிமீட்டரை யார் சரிக்கட்டுவது? கல்லுக்கு அடியில் இருக்கிற மணல். அந்த மணலில் ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாக யார் குழி பறிப்பது? அதற்குத்தான் ஒரு கருவி இருக்கிறது, அது எந்த ஆவணத்திலும் இல்லை.

தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் கட்டைகள் எல்லாம் ஒரே உயரம். மணலைப் பரப்பி, மட்டப்பலகையை இழுத்துத் தளமாக்கி, கட்டையை அடுக்கி, மேலே அதிர்வுத் தட்டு இயந்திரத்தை ஓட்டினால் போதும். நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே முறையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கருங்கல் தெருவில் வைக்கும்போதுதான் கோளாறு. மட்டமான மணலில் உயரம் ஒவ்வாத கல்லை அடுக்கினால் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக நிற்கும். இயந்திரத் தட்டு அதன் மேல் போகும்போது உயர்ந்த கல் எல்லா அடியையும் வாங்கிக்கொள்ளும். தாழ்ந்த கல்லுக்கு அடி விழுந்த செய்தியே தெரியாது. அதன் கீழே மணல் இளகியபடி கிடக்கும். மீதி வேலையை முதல் லாரியின் சக்கரம் முடித்துவைக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு தெருவில் இதைக் கண்ணால் பார்த்தேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். நாங்கள் பாவி முடித்துப் பல ஆண்டுகள் நன்றாக இருந்த தெரு அது. குழாய் பதிக்க நடுவில் பள்ளம் தோண்டினார்கள். கடப்பாரையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க வேண்டிய கற்களை இயந்திரக் கையால் வாரி எடுத்தார்கள். பாதிக்குப் பாதி மூலை உடைந்தது. திரும்ப வைக்கும்போது சிமெண்டுக் கலவை மேல் வைத்து, இடுக்கிலும் சிமெண்டையே ஊற்றினார்கள். இரண்டு பக்கமும் மணல் படுகையில் லேசாக அசைந்து கொடுக்கிற தெரு, நடுவில் மட்டும் அசையவே அசையாத ஒரு பட்டை. ஒரு மழைக்காலம் போனதும் அந்தப் பட்டையின் இரு ஓரமும் பிளந்து, தண்ணீர் உள்ளே இறங்கி, பக்கத்துக் கற்கள் ஆடத் தொடங்கின. அப்புறம் தெரு முழுவதையும் பெயர்க்க வேண்டியதாயிற்று. ‘கல் பாவிய தெரு நிலைக்காது’ என்று ஒரு குறிப்பும் கோப்பில் ஏறியது. அந்தக் குறிப்புதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சரி, கருவிக்கு வருகிறேன்.

பாவு சுத்தியைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் சதுரமான கனத்த தலை. மறுபக்கம் அகன்று, மெலிந்து, சின்ன மண்வெட்டியின் நாக்கு மாதிரி நீளும். பாவுகிறவன் இடது கையில் கல்லை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறான். எந்த முகம் மேலே, எந்தப் பக்கம் பக்கத்துக் கல்லோடு ஒட்டும் என்று அதற்குள் முடிவாகிவிடும். வலது கையிலிருக்கும் சுத்தியின் நாக்கால் அந்தக் கல்லின் அடிவயிற்றுக்கு ஏற்றபடி மணலைக் கிண்டுகிறான். கல்லை வைக்கிறான், நாக்கால் பக்கவாட்டில் மணலை நெருக்குகிறான், சுத்தியைத் திருப்பித் தலையால் இரண்டு தட்டு. அடுத்த கல். கையிலிருந்து கருவி கீழே போவதே இல்லை. பறிப்பது, நெருக்குவது, அடிப்பது, தேவைப்பட்டால் கல்லின் துருத்தலைத் தட்டி உடைப்பது, எல்லாம் அந்த ஒன்றுதான். இதை ஒரு கரண்டியும் ஒரு ரப்பர் சுத்தியும் வைத்துச் செய்யச் சொன்னால் பாதி நேரம் கருவி மாற்றுவதிலேயே போகும். அதனாலேயே யாரும் மாற்ற மாட்டார்கள், மணலைக் கிண்டுகிற வேலையை விட்டுவிடுவார்கள். நான் பார்த்தவரை தெரு கெடுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஜெர்மன் பாவுநர்கள் இந்த வேலைக்கு உட்கார ஒற்றைக் கால் முக்காலி வைத்திருந்தார்கள். (ஒற்றைக் கால் என்றால் அதை முக்காலி என்று சொல்லலாமா என்று கேட்காதீர்கள்.) அது தானாக நிற்காது. ஆனால் உட்கார்ந்தபடியே எந்தப் பக்கமும் சாயலாம், எட்டலாம், அடுத்த வரிசைக்கு நகரலாம். நான்கு காலோடு மணலில் உட்கார்ந்தால் எட்டாத கல்லுக்கு ஒவ்வொரு முறையும் எழ வேண்டும். என் முழங்கால் இதைப் பற்றி நிறையப் பேசும், விடுங்கள்.

நூல் கட்டாமல் சுத்தியைத் தொடக்கூடாது. ஓரக்கல்லிலிருந்து ஓரக்கல்லுக்கு ஒரு நூல், நடுவில் உயர்ந்து இரு பக்கமும் தண்ணீர் வழிய, வளைவுக்கு வெட்டிய பலகை ஒன்று. கல்லை அந்த நூலைத் தொட்டும் வைக்கக்கூடாது, நூலுக்கு மேலே கொஞ்சம் நிற்கும்படி வைக்க வேண்டும். எவ்வளவு மேலே என்பது மணலின் கனத்தையும் ஈரத்தையும் பொறுத்தது. அந்த மிச்ச உயரத்தை இறக்குவதற்குத்தான் அடுத்த கருவி.

திமிசுக்கட்டை. நம்மிடம் தளம் கெட்டிப்பதற்குப் பழைய சொல்லே இருக்கிறது, பலருக்கு மறந்துபோயிருக்கலாம். கல் பாவுகிற திமிசு, மண் கெட்டிக்கிற திமிசை விடக் கனம் அதிகம். 25 கிலோ அளவுக்கு வரும். அடியில் இரும்புப் பூண் போட்ட கட்டை, இரு புறமும் பிடிக்க வளைந்த கைகள். இடுப்பில் கை வைத்து நிற்கிற பெண் மாதிரி இருப்பதாலோ என்னவோ, பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ‘தெமுவாசெல்’ என்றும் ஜெர்மானியர்கள் ‘யுங்ஃபர்’ என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டுக்கும் பொருள் இளம்பெண் என்பதுதான். நாள் முழுவதும் அதைத் தூக்கிப் போட்டவன் இப்படிச் செல்லப்பெயர் வைத்திருக்க மாட்டான், நின்று பார்த்தவன் வைத்ததாகத்தான் இருக்கும்.

திமிசை அழுத்தக் கூடாது, தூக்கி விட வேண்டும். அதன் எடை அதன் வேலையைச் செய்யும். ஒரு கல்லுக்கு ஓர் அடி, அடுத்த கல்லுக்கு நகர், வரிசை முடிந்ததும் திரும்பி வா. இடுக்குகளில் மணலைத் தூவித் தண்ணீர் விட்டுத் துடைப்பத்தால் தள்ளி, மீண்டும் ஒரு சுற்று. தேவைப்பட்டால் மூன்றாவதும் உண்டு. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது காதுக்குரியது. நன்றாக உட்கார்ந்த கல் ‘தொம்’ என்று ஒலிக்கும். அடியில் பொந்து இருந்தால் ஒலி வெறுமையாக வரும். விரிசல் விட்ட கல் சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கல் மட்டும் நூலுக்குக் கீழே இறங்கிவிட்டால், திமிசு போடுகிறவன் நின்று, அதை நெம்பி எடுத்து, மணல் சேர்த்துத் திரும்ப வைக்கச் சொல்வான். கல்லுக்குக் கல் தனித்தீர்ப்பு. பத்துக் கல்லை ஒன்றாகக் குலுக்குகிற தட்டு இயந்திரத்தின் இரைச்சலில் இந்தச் சேதி எதுவுமே காதில் விழாது.

கருவியின் பெயரை ஆவணத்தில் எழுதுவது பொறியாளரின் வேலையா என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பதில் உங்கள் துறையின் முன்னோர்களிடமே இருக்கிறது.

தாமஸ் டெல்ஃபோர்ட் பொறியாளர் ஆவதற்கு முன்னால் கல்தச்சர். பிரிட்டனில் ஹோலிஹெட் துறைமுகத்துக்குச் செல்லும் சாலையை 1815-க்குப் பிறகு அவர் அமைத்தபோது, அடித்தளக் கற்களைக் கையால், அகலமான பக்கம் கீழே இருக்கும்படி, ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும் என்று எழுதினார். நடுவில் 7 அங்குல உயரம், ஓரத்தில் 3 அங்குலம். அதோடு நிற்கவில்லை. கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் சில்லுகளை வைத்து ‘இலேசான சுத்தியால் கையாலே’ இறுக்க வேண்டும் என்றும் சேர்த்தார். இலேசான சுத்தி! கனத்த சுத்தியால் அடித்தால் சில்லு நொறுங்கும், நிறுத்திய கல்லும் சாயும் என்பது கல் கொத்தியவருக்குத் தெரியும். மேலே போடுகிற ஜல்லிக்கும் அவர் ஒரு கருவி சொன்னார். எந்தத் துண்டானாலும் அதன் நீளமான பக்கமும் இரண்டரை அங்குல இரும்பு வளையத்துக்குள் நுழைந்து வர வேண்டும். தகராறே கிடையாது. நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் திரும்பவும் உடை.

அவரோடு ஒத்துப்போகாத ஜான் லவுடன் மெக்காடம் அடித்தளக் கல்லே வேண்டாம் என்றவர். சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துக் கனமாகப் பரப்பினால் அதுவே பின்னிக்கொண்டு இறுகும் என்பது அவர் வாதம். எந்தத் துண்டும் 6 அவுன்சுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு, மேல் இருக்கக் கூடாது. அதைச் சரிபார்க்க மேற்பார்வையாளர்கள் சட்டைப்பையில் சிறிய தராசும் 6 அவுன்ஸ் எடைக்கல்லும் வைத்திருக்கச் செய்தார். உடைக்கிறவர்கள் நின்றுகொண்டு பெரிய சம்மட்டியால் உடைப்பதை விட, உட்கார்ந்து சிறிய சுத்தியால் உடைத்தால் துண்டு அளவாக வரும், வேலையும் கூடுதலாக நடக்கும் என்று கண்டு அதையும் வழக்கமாக்கினார். இத்தனைக்கும் அவர் கல்தச்சர் அல்ல. கல் உடைக்கிறவன் எப்படி உட்கார்கிறான், கையில் என்ன இருக்கிறது என்பது சாலையின் தரத்தை மாற்றும் என்று அவருக்குத் தோன்றியது, உங்கள் ஆவணத்துக்குத் தோன்றவில்லை.

இவர்களுக்கு முன்னால் 1764-லேயே பிரான்சின் லிமோஷ் பகுதியில் பியர் மரி ஜெரோம் ட்ரெசாகே கற்களைக் கையால் நிறுத்தி அடித்தளம் போட்டு, மேலே சின்னச் சுத்தியால் அக்ரூட் கொட்டை அளவுக்கு உடைத்த கடினமான கல்லைப் பரப்பும் முறையைத் தொடங்கியிருந்தார். மூன்று பேர், மூன்று கொள்கை. ஆனால் மூன்று பேருமே சுத்தியின் அளவை யோசித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் அந்தக் காலத்துக்காக ஏங்க வேண்டாம். கல் உடைப்பது சிறையிலும் ஏழைகள் விடுதியிலும் தண்டனை வேலையாக இருந்தது. சில்லு தெறித்துக் கண் போகாமலிருக்கக் கம்பி வலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு, அதுவும் கிடைக்காதவர்கள் உண்டு. கல் தூசி நுரையீரலை அரித்தது. ஜல்லியை இன்று இயந்திரம் உடைக்கிறது, உடைக்கட்டும். அடிமண்ணை உருளை இயந்திரம் அழுத்துகிறது, திமிசால் அந்த அளவுக்கு அழுத்தவே முடியாது. ஓரக்கல்லை உறிஞ்சிப் பிடித்துத் தூக்கும் கருவி எத்தனையோ பேரின் இடுப்பைக் காப்பாற்றியிருக்கிறது. 25 கிலோ கட்டையைத் தூக்கிப் போட வயதானவர்களால் முடியாது என்றால், ஒற்றைக் கால் உள்ள இயந்திரத் திமிசைக் கொடுங்கள். அதன் பாதம் ஒரு கல்லுக்கு மேல் மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அது ஓடும்போது காது கேட்காது என்பதால், பின்னாலேயே ஒருவர் சின்னச் சுத்தியோடு தட்டிப் பார்த்துக்கொண்டே வரட்டும்.

ஒரே ஒரு இயந்திரத்தோடு எனக்குச் சமாதானம் இல்லை. சுழல் அறுப்பு இயந்திரம். மூலைக்கு ஒரு கல் சேரவில்லை என்றால் உடனே அதை எடுத்து உலர்ந்த கல்லை அறுக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத மெல்லிய தூசி அப்படியே மேகமாக எழும்பும். உளியால் உடைக்கும்போது விழுவது பெரும்பாலும் சில்லு, இது நேராக நுரையீரலுக்குப் போகிற மாவு. போதாததற்கு, அறுத்த பக்கம் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். இடுக்கில் இறங்குகிற மணலுக்கு அங்கே பிடிமானம் கிடையாது. உளியால் பிளந்த முகத்தில் உள்ள சொரசொரப்புதான் கல்லைக் கல்லோடு பின்னிப் பிடிக்கிறது. அறுத்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் ஓடும் இயந்திரம், முகக்கவசம், அறுத்த பக்கத்தை உளியால் பொளிந்து விடுவது. இவை மூன்றும் ஆவணத்தில் இருக்க வேண்டும்.

உளி என்றதும் உலைக்களம் நினைவுக்கு வருகிறது. கருங்கல்லில் உளி முனை சீக்கிரம் மழுங்கும். பெரிய வேலைகளில் உளியைக் காய்ச்சி அடித்துத் தோய்க்கிற ஆள் பக்கத்திலேயே இருந்த காலம் உண்டு. முனையைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் மட்டும் போதாது, அது கண்ணாடி போல உடையும். தோய்த்த முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்னால் மிச்சமிருக்கும் சூடு முனைக்கு ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியாக நீலம். எந்த நிறத்தில் திரும்பவும் தண்ணீருக்குள் போட வேண்டும் என்பது கல்லைப் பொறுத்தது. நீலம் வரை விட்டால் கருங்கல்லுக்கு உளி மிருதுவாகிவிடும். இப்போது கடையில் வாங்கும் கெட்டி முனை உளிகள் நெடுநாள் வருகின்றன, நல்லதுதான். ஆனால் மழுங்கிய உளியோடு வேலை செய்ய வைப்பது மழுங்கிய கல்லைத்தான் தரும். தீட்டுவதற்கான நேரத்தையும் ஆளையும் விலைப் பட்டியலில் சேருங்கள். அதைச் சேர்க்காத ஒப்பந்தத்தில் உளி எடுக்கிறவன் நட்டப்படுகிறான், அறுப்பு இயந்திரக்காரன் லாபம் பார்க்கிறான்.

ஆள் எங்கே கிடைப்பான் என்பீர்கள். நியாயமான கேள்வி. லிஸ்பன் நகரத்தில் சுண்ணாம்புக் கல்லும் கறுப்புக் கல்லுமாக அலையலையாகப் பாவிய நடைபாதைகள் உண்டு. ரோசியோ சதுக்கத்தின் அலை வடிவம் 1848-49-இல் பாவியது. அதைப் பாவுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தபோது, நகராட்சியே 1986-இல் பாவுநர் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. சுத்தியைப் பிடிப்பது, மரத்தில் வெட்டிய வடிவ அச்சை வைத்து நிறம் மாற்றிக் கல் நிரப்புவது, திமிசு போடுவது எல்லாம் அங்கே பாடம். 2006-இல் அந்த நகரம் தெருவோரத்திலேயே இரண்டு பாவுநர்களுக்கு வெண்கலச் சிலையும் வைத்தது. சிலை வேண்டாம். பள்ளிகூட உடனே வேண்டாம். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இரண்டு பயிற்சி ஆட்களுக்கு முழுக் கூலி என்று ஒரு வரி எழுதினால், நான்கைந்து தெரு முடிவதற்குள் கை பழகிய ஒரு குழு உங்களிடம் இருக்கும்.

இன்னொன்று. வேலை தொடங்கும் முன் பத்துச் சதுர மீட்டர் மாதிரிப் பரப்பு ஒன்றைப் பாவிக் காட்டச் சொல்லுங்கள். அதை அளக்க மட்டம் பார்க்கும் கருவியோடு மட்டும் போகாதீர்கள். ஒரு சிறிய சுத்தியும் கொண்டுபோங்கள். நடுவில் ஏதாவது ஒரு கல்லைக் காட்டி, எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அதன் அடியில் உள்ள மணலில் அந்தக் கல்லின் வயிறு அப்படியே பதிந்திருந்தால் சுத்தியின் நாக்கு அங்கே வந்துபோயிருக்கிறது. மணல் பலகை இழுத்த மாதிரி தட்டையாக இருந்தால், மீதி எல்லாக் கல்லுக்கும் அதே கதைதான். குழாய்க்காகத் தோண்டுகிற துறைக்கும் இதே விதியைப் பொருத்துங்கள். கடப்பாரையால் நெம்பி, எண் எழுதி, வரிசையாக அடுக்கி, அதே வரிசையில் மணலிலேயே திரும்ப வைக்க வேண்டும்.

முதலில் சொன்ன அந்த ஆவணத்தைத் திருப்பி அனுப்பும்போது, ‘தகுந்த கருவிகளைக் கொண்டு’ என்பதைப் பென்சிலால் அடித்துவிட்டுப் பக்கத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ‘ஒவ்வொரு கல்லுக்கும் பாவு சுத்தியின் நாக்கால் தனியே படுகை பறித்து வைத்து, ஒவ்வொரு கல்லாகத் திமிசு போட்டு, ஒலி பார்த்து ஏற்க வேண்டும்.’ அலுவலக நடைக்கு இது ஒத்துவராது என்று எனக்கே தெரிகிறது. உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ‘ஒவ்வொரு கல்லாக’ என்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கல் பாவிய கை ஒன்று